வெள்ளி: சங்கரன்கோவில்

குவைத்துக்குப் புறப்படும் முன்பே என் கட்டிலைப் பார்த்துவிட்டேன். அந்த அறையில் இருந்த கடையநல்லூர்க்காரர் வீடியோ காலில் காட்டினார்: ஜன்னலோரம், கீழ்க்கட்டில், தலைமாட்டில் ஒரு பிளக். அன்றே அறையின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள்.

நாங்கள் ஏழு பேர். ஆளுக்கு ஒரு நாள் சமையல். யார் முறை என்று தினமும் சண்டை. அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம் நான் பட்டியல் எழுதிக் குழுவில் போட்டேன். அறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான். திங்கள்: குருவிகுளம். செவ்வாய்: ராயகிரி. வெள்ளி: சங்கரன்கோவில், அது நான். ஆறு வருடம், ஞாயிறுதோறும் போட்டேன்.

இந்த ஆண்டு ஒரேயடியாக ஊர் திரும்பினேன். குழுவிலிருந்து யாரும் என்னை நீக்கவில்லை. வீட்டில் நான் இல்லாமலே எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்திருந்தது. சமையலறைக்குள் போனால், "அங்கன உக்காருங்க, கொண்டு வாரேன்" என்பாள் மனைவி. உட்காருவேன். பட்டியலை மட்டும் இங்கிருந்தே போட்டு வந்தேன். என் வெள்ளியை வாரம் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

ஐந்தாவது வெள்ளி, மாலை மூன்றரை; அங்கே மதியம் ஒரு மணி. கடையநல்லூர்க்காரர் அழைத்தார்.

"அண்ணாச்சி, சோறு எப்ப ஆவும்?"

"எந்தச் சோறு வே?"

"லிஸ்ட்ல உங்க முறைலா போட்டிருக்கிய. தொழுதுட்டு வந்தா அடுப்பே பத்த வைக்கல."

பின்னாலிருந்து குருவிகுளத்துக்காரர் குரல்: "அண்ணாச்சி சாம்பார கூரியர்ல அனுப்புதாராம்லே."

பட்டியலைத் திறந்து பார்த்தேன். வெள்ளி: சங்கரன்கோவில். என் கை பழக்கத்தில் எழுதியிருந்தது.

சிரிப்பு அடங்கியபின் கடையநல்லூர்க்காரர் மெதுவாகச் சொன்னார். "ஒங்க கட்டிலுக்கு ஆள் வந்து பத்து நாளாச்சு அண்ணாச்சி. இளையரசனேந்தல். இன்னும் குழுவுல சேக்கல. நீங்க என்ன நினைப்பியளோன்னு..."

"சமையல் தெரியுமா?"

"ரசம் நல்லா வைக்கான்."

அவன் நம்பரை வாங்கிக் குழுவில் நானே சேர்த்தேன். வெள்ளியைத் திருத்தினேன். 'வெள்ளி: இளையரசனேந்தல்' என்று என் டைரியிலும் ஒரு வரி எழுதினேன்.

"யாருங்க போன்ல?" என்றாள் மனைவி.

"ரூம்ல இருந்து."

ஞாயிறு மாலை அடுத்த வாரத்துக்கு எழுத உட்கார்ந்தேன். ஏழு நாள், ஏழு ஊர். மாற்றுவதற்கு எதுவும் இல்லை. 'இனி இதே பட்டியல்தான்' என்று அனுப்பினேன். ஏழு பேரும் கட்டைவிரல் போட்டார்கள்.