தொட்டிக்குள் உலாத்திய எதிரொலி

கடலுக்குள் போகிற ரப்பர் சத்தத்தை விழுங்குகிறதா, திருப்பித் துப்புகிறதா என்று பார்ப்பது என் தொழில்; பார்த்த இடமோ, குழாயடியில் ஆட்களைவிடக் குடங்கள் அதிகம் நிற்கிற கோவில்பட்டி. ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

எங்கள் முதலாளிக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் பரம்பரைத் தொழில். எதிரொலி எழாமல் இருக்கக் கப்பலின் அடியில் ஒட்டும் ரப்பர் தகடு செய்து கொடுக்கும் ஆசை எண்பதுகளில் வந்தது. இருட்டுப் பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதற்குள் ஒலி எழுப்பும் கருவி, பக்கத்தில் தண்ணீருக்குள் கேட்கும் மைக், எதிரே தொங்கும் ரப்பர். எதிரொலி வந்தால் திரையில் கோடு துள்ளும். துள்ளாவிட்டால் ரப்பர் தேறியது. கப்பல் துறை அதிகாரி வந்து பார்ப்பதாக இருந்தது. தேறாவிட்டால் பின்கட்டைப் பூட்டிவிட்டு என்னைத் தீப்பெட்டி ஆபீசில் கட்டைக்குள் குச்சி அடுக்க அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

தண்ணீர் அடங்கட்டும்

லாரித் தண்ணீரை ஊற்றியதும் சோதிக்க முடியாது. குமிழி அடங்க அது நாள்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். ரப்பரில் குமிழி ஒட்டினாலும் கோடு துள்ளும். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் சண்முகத்தாய் அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. குடத்தோடு வந்து நின்றார்.

“ஒரே ஒரு கொடம் தம்பி.”

“முக்கினா குமிழி வரும்க்கா” என்றேன். என் குரல் எனக்கே கேட்காது, அவருக்குக் கேட்டுவிட்டது. தொங்கிய ரப்பரை ஏற இறங்கப் பார்த்தார்.

“குடிக்கவும் தெரியாது, குளிக்கவும் தெரியாது. இந்தச் சனியனுக்கு வந்த வாழ்வப் பாரேன்!”

கொசு அண்ணாச்சி

கிடக்கிற தண்ணீரைக் கொசு விடுமா? கொசுவை ஒழிக்க வந்த அண்ணாச்சி, தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்துவிட்டு எண்ணெய் ஊற்றப் போனார். எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று கெஞ்சினேன். “சரி, வேற வழி இருக்கு. நீ டீயக் குடிச்சிட்டு வா” என்றார். வந்து பார்த்தால் ஆள் இல்லை, எண்ணெயும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் கோடு துள்ளியது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. நெருங்கியது, விலகியது, ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. ரப்பரைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன், மாற்றித் தொங்கவிட்டேன். எதிரொலி பாட்டுக்கு உலாத்திக்கொண்டிருந்தது. முதலாளி தலையில் கைவைத்துவிட்டார்.

“ரப்பரு ஒரே எடத்துல நிக்கு. அதோட சத்தம் மட்டும் எங்கலே போயிட்டு வருது?”

அதிகாரி வந்த அன்று

அடுத்த நாள் காலையிலேயே அதிகாரி வந்துவிட்டார். கோடு துள்ளியது. எனக்குக் குச்சியும் கட்டையும் கண்ணுக்குள் வந்தன. அவர் டார்ச் கேட்டு வாங்கித் தொட்டிக்குள் அடித்தார். ரப்பருக்குப் பின்னால் சுண்டுவிரல் நீளத்தில் மீன்கள்! புழுவைத் தின்ன அண்ணாச்சி விட்டுப்போனவை. மீன் வயிற்றுக் காற்றுப்பைதான் எதிரொலி கொடுத்திருக்கிறது.

வலைக்கு எங்கே போக? சண்முகத்தாய் அக்கா லேபிள் ஒட்டும் மைதாப் பசையைத் துளி குடத்துக்குள் தடவி, தொட்டியில் முக்கிப் பிடித்தார். மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “இப்பம் குமிழி வரலையாக்கும்?” என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு குடம் முக்கிய குமிழிதானே, அது அடங்கும்வரை அதிகாரி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கருவியைப் போட்டேன். கோடு படுத்தே கிடந்தது. முதலாளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதிகாரி திரையைத் தட்டிச் சொன்னார்:

“ரப்பர் பாஸ். அதைவிட ஒங்க மெஷின் பாஸ். கொசுப்புழு திங்கிற மீனைக்கூட விட்டுவைக்கலையே!”

குச்சி அடுக்காமல் நான் தப்பித்தேன். ஆனால் இன்றைக்கும் யாராவது “டீயக் குடிச்சிட்டு வா” என்றால் தொட்டியை மூடிவிட்டுத்தான் போகிறேன்.