துரும்பு செல்லுமா?

கோர்ட்டு வளாகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘தாலியறுக்கிற வக்கீல்.’ முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. டீக்கடையில் நான் முதுகைக் காட்டி நிற்கும்போது சொல்வார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆரம்பத்தில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரப்புத் தகராறில் அண்ணனையும் தம்பியையும் ஆயுசுக்கும் பேசவிடாமல் செய்கிறவர்களுக்கெல்லாம் ‘சிவில் சைடு’ என்று மரியாதையான பெயர் இருக்கிறது; எனக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று பிறகு விட்டுவிட்டேன்.

நான் வயல்வேலை செய்த குடும்பத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களைபறித்து, அறுத்து என்னைத் திருச்சிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார்கள். தஞ்சாவூர் வந்து ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். அவருக்குக் குத்தகை, பட்டா, வாய்க்கால் பாத்தியதை இவைதான் உலகம். ஜீவனாம்சம், விவாகரத்து என்று யாராவது படியேறினால், “அழுகை கேசெல்லாம் நீயே பாத்துக்கம்மா” என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அவர் தள்ளிவிட்டதுதான் எனக்குத் தொழிலாகிவிட்டது.

விவசாயம் மாதிரி இந்தத் தொழிலுக்கும் பருவம் உண்டு. நடவு சமயத்திலும் அறுப்பு சமயத்திலும் என் ஆபீஸ் பெஞ்சு காலியாகக் கிடக்கும். சண்டை போடவும் நேரம் வேண்டுமல்லவா? அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உட்கார இடம் இருக்காது. அப்படி ஓர் அறுப்பு முடிந்த நேரத்தில்தான் அவள் வந்தாள்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பதைத் தாண்டியிருப்பாள். கணவன் மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கிப் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரே பெண் குழந்தை. கணவனுக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவர் சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர். இளையவர் தஞ்சாவூரில் வீடு கட்டிக் குடியிருப்பவர். மாமியார் கடைசி மகனோடு, அதாவது இவளோடுதான் கிராமத்தில் இருந்தார். காரியம் முடிந்த கையோடு மகன்கள் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

இவள் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்ததும் அண்ணன்கள் ஆட்சேபம் போட்டார்கள். காரணம், இவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணத்தை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்யவில்லை. ஆகவே தம்பியோடு நடந்த கல்யாணம் செல்லாது, குழந்தைக்குப் பங்கு உண்டு, இவள் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள்.

“வீடு போனாக்கூடப் போவுதுங்கக்கா. தெருவுல நின்னுக்கிட்டு என்னைய வைப்புங்கிறாங்க. எம்பொண்ணு கேட்டுக்கிட்டு நிக்கிறா” என்றாள்.

“மொதப் புருசன் கதை என்னம்மா?”

“குடி. அடி. எங்கப்பா ஊர்ல பெரியவங்கள வச்சுத் தீத்து விட்டுட்டாரு. துரும்பு கிள்ளிக் குடுத்துட்டாங்கக்கா.”

டவுனில் பிறந்தவர்களுக்கு இது புரியாது. சில ஊர்களில், சில குடும்பங்களில் உள்ள பழைய வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க, புருஷன்காரன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் கிள்ளி மனைவி கையில் கொடுப்பான். அவள் தாலியைக் கழற்றிக் கொடுப்பாள். அதோடு தீர்ந்தது; இருவரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. சட்டமும் இதை அடியோடு தள்ளிவிடவில்லை. ஆனால் வழக்கம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. அப்படித் தீர்த்துக்கொண்டு, மறுகல்யாணம் செய்து வாழ்ந்தவர்கள் கூண்டேறிச் சொல்ல வேண்டும். அதுதான் நிபந்தனை.

அவள் அந்த மனிதனின் மனைவிதான் என்று அறிவிக்கக் கேட்டு குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டேன். பிறகு சாட்சி தேடிக் கிளம்பினேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு மோர் குடித்ததில்லை. போன வீட்டிலெல்லாம் உட்கார வைத்து, மின்விசிறியைப் போட்டு, மோர் கொடுத்தார்கள். துரும்பு என்று வாயெடுத்ததும் முகம் மாறிவிடும். “அதெல்லாம் எங்க ஆளுங்கள்ல கெடையாதுங்க.” “அது அந்தக் காலம். இப்ப எங்க புள்ளைங்க எல்லாம் இன்ஜினியருங்க.” தானே பஞ்சாயத்தில் உட்கார்ந்து பலரைத் தீர்த்துவிட்டவர் என்று ஊரே சொன்ன ஒரு பெரியவர், “துரும்பா? மாட்டுக்குத்தான் போடுவோம்” என்று என்னையே கேலி செய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பாட்டியும் அத்தையும் அடிவாங்கிச் சாகாமல் தப்பித்த ஒரு வழியை, பேரன் வெளிநாடு போனதும் அவமானம் என்று மூடிவிட்டார்கள். இப்போது அதே வழியாக வந்த ஒருத்தி நடுத்தெருவில் நிற்கிறாள். சாட்சி சொல்ல ஒரு ஜீவன் இல்லை. நான் விடுவதாக இல்லை. நடவு தொடங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தேன்.

கடைசியில் ஒரு வயலோரம் நாற்றுக்கட்டைக் கரையில் போட்டுவிட்டு வந்த ஓர் அம்மாள், சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஊரூராப் போயி கேக்குறீங்களேம்மா. அந்தப் பொண்ணோட மாமியாரக் கேட்டீங்களா? அவங்களத் தீத்து விட்டுத்தான் இந்த வீட்டுக்குக் கட்டிக் குடுத்தாங்க. எங்கம்மா சொல்லும். என்னைய மட்டும் கோர்ட்டுக்கு இழுத்துடாதீங்க, ஆமா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரும்பு செல்லாது என்று வழக்காடும் அந்த இரண்டு பேரும், துரும்பு வாங்கி வந்த ஒருத்தி பெற்ற பிள்ளைகள்! அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் இப்படியொரு ஆட்சேபத்தைக் கனவில்கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே கட்சிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுங்கக்கா. எனக்குப் பேறுகாலம் பாத்தப்ப அத்தையே சொன்னாங்க. வேற யாருக்கும் சொல்லாதன்னாங்க.”

“என்கிட்ட ஏம்மா மறைச்ச?”

“அவங்க மானத்த வாங்கிட்டு எனக்கு ஒரு பேரு வேணாங்கக்கா. நீங்க அவங்களப் பத்திக் கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா நான் கேஸ வாபஸ் வாங்கிடுவேன்.”

கோபம் தலைக்கேறியது. நான் வெயிலில் காய்ந்து கண்டுபிடித்ததை இவள் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள். இரண்டு வார்த்தை கடுமையாகவே சொன்னேன். அவள் அசையவில்லை. கட்சிக்காரர் சொல்லக் கூடாது என்று சொன்னதை வக்கீல் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் இதற்கு மேல் சட்டம் இல்லை. சரி என்றேன். ஆனால் வழக்கைக் கைவிடுவதில்லை என்றும் அதே மூச்சில் சொன்னேன்.

அப்போதுதான் எதிர்த்தரப்பு எனக்கு ஓர் உபகாரம் செய்தது. பெற்ற தாயே வந்து ‘இவள் என் மருமகள் அல்ல’ என்று சொன்னால் வழக்கு அத்தோடு முடிந்தது என்று கணக்குப் போட்டு, அம்மாவையே சாட்சியாகக் கொண்டுவந்தார்கள். பிரமாண வாக்குமூலத்தை அவர்கள் வக்கீலே எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்திருந்தார்.

அன்று மூடிய அறையில் விசாரணை. மகன்கள் இருவரும் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. நின்றபடியே சொல்கிறேன் என்று நாற்காலியை மறுத்துவிட்டார். மருமகளை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். நாக்கு நுனியில் அந்தக் கேள்வி நிற்கிறது. பின்னால் என் கட்சிக்காரி என் கருப்பு கவுனைப் பிடித்து மெதுவாக இழுக்கிறாள். குழந்தை வாத்தியார் சட்டையை இழுப்பது மாதிரி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“அம்மா, உங்க ஊர்ப்பக்கம் ஒரு பொண்ணுக்குத் துரும்பு கிள்ளிக் குடுத்துட்டா, அவ வேற கல்யாணம் கட்டிக்கலாமா?”

அவர் பதிலை விட்டுவிட்டு மகன்கள் இருந்த பக்கம் திரும்பினார். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு கேள்வி போதும், விழுந்துவிடுவார். நான் கேட்கவில்லை.

“வேற கேள்வி இல்லைங்க” என்று உட்கார்ந்தேன். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த நிமிஷம் அவள்மேலும் என்மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் உற்சாகமாக எழுந்தார். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கையில் கிடைத்த வெற்றியை இன்னும் கொஞ்சம் பளபளப்பாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“தயங்காம சொல்லுங்கம்மா. துரும்பு வாங்கிக்கிட்டு மறுகல்யாணம் பண்ணிக்கிட்டு, குடும்பமா மதிப்பா வாழ்ந்த பொம்பளை ஒருத்தியையாவது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றார்.

“யாரு?”

“நான்தான்யா.”

மூத்த மகன் “அம்மா!” என்று எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார்.

அந்த அம்மாள் நீதிபதியைப் பார்த்தே பேசினார். குரல் உயரவில்லை. “பதினேழு வயசுல எனக்குத் துரும்பு குடுத்தாங்கய்யா. அதுக்கப்புறம்தான் இவனுங்க அப்பாவக் கட்டிக்கிட்டேன். மூணு புள்ள பெத்தேன். ஊருல ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னதில்ல. இந்தப் பொண்ணு எம்மவனுக்கு வைப்புன்னா, நானும் இவனுங்க அப்பாவுக்கு வைப்புதான். அதையும் சேத்து எழுதிக்கிங்க.”

தட்டச்சர் அடிப்பதை நிறுத்திவிட்டு அந்த அம்மாளையே பார்த்தார். இளைய மகன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். என் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாட்சியத்தைத் தட்டச்சு செய்து முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். அது நடைமுறை. பொதுவாக யாரும் கவனிப்பதில்லை. எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த அம்மாள் தலையைச் சாய்த்து ஒவ்வொரு வரியையும் கேட்டார்.

“மனுதாரரை எனக்குத் தெரியும். மனுதாரர் என் வீட்டில் வசித்து வந்தார்...” என்று தட்டச்சர் படித்துக்கொண்டே போனார்.

“நிறுத்துங்க. மனுதாரருங்கிறது யாரு?”

“அந்தப் பொண்ணுதாம்மா.”

அந்த அம்மாள் கையெழுத்துக்குக் கொடுத்திருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“மருமகள்னு போடுங்க. கையெழுத்துப் போடுறேன்.”