லவீனா ரீச்சரின் இருநூற்றுப் பதினொரு வாய்கள்

லவீனா ரீச்சர் ஒன்பது வருடமாக ஆசிரியர்; அதே ஒன்பது வருடமாக ஆசிரியர் இல்லை. தொண்டர் ஆசிரியர் என்றால் அப்படித்தான். புவியியல் படிப்பிக்கலாம், விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போடலாம், பள்ளிக்கூட அதிபரின் மகள் கலியாணத்தில் பந்தி பார்க்கலாம். ஆசிரியர் பட்டியலில் மட்டும் பெயர் வராது.

நாற்பத்துநாலு வயதில் ஒரு கடிதம் வந்தது. நிரந்தர நியமனத்துக்குத் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. சேவையில் இடைவெளி இல்லை என்று காட்ட வேண்டும். இந்தமுறை தவறினால் வயது போய்விடும், பிறகு சாகும்வரை சுண்ணாம்புக் கோடுதான்.

இடைவெளி இருந்தது. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த மாதங்கள் வரவுப் பதிவேட்டில் வெறும் வெள்ளை. அப்போதிருந்த அதிபர் அவுஸ்திரேலியாவில். புதியவர், "நான் கண்ணாலை காணாததுக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்று கையை விரித்துவிட்டார்.

ஆனால் ரீச்சர் அந்த நாட்களிலும் சூமில் படிப்பித்தவர். உடுவிலில் அவர் இருக்கும் வீட்டில் மேல்மாடிக்குப் படிக்கட்டு உண்டு, மேல்மாடி கிடையாது. அண்ணன் லெனாட் கனடாவில் இருந்தபடி கட்டத் தொடங்கி அந்தரத்தில் விட்டது. அந்தப் படியின் உச்சியில்தான் சிக்னல் வரும். ஒரு கையில் குடை, மறு கையில் போன். வகுப்புகளின் பதிவு முழுக்க, பள்ளிக்கூடம் அப்போது கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் கிடந்தது.

அந்தக் கணக்குகள்தான் இப்போது அழியப் போகின்றன, வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு. பிள்ளைகளுக்குப் புதுக் கணக்கு, ஆசிரியர்களுக்குப் புதுக் கணக்கு, காவலாளிக்குக்கூட ஒன்று. தொண்டருக்கு இல்லை.

"லிஸ்ரிலை உங்கடை பேரைக் காணேல்லை, ரீச்சர்," என்றார் கணினிக்குப் பொறுப்பான ஜஸ்ரின் சேர். "பழசுக்குள்ளை போய், எடுக்கிறதை எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ."

பழசு அவரை உள்ளே விடவில்லை. இப்போது அவர் வைத்திருந்தது வேறு போன். 'நீங்கள்தானா என்று பார்க்க ஓர் இலக்கம் அனுப்புகிறோம்' என்றது கணக்கு. அனுப்பியது கனடாவுக்கு. முதல் போனை வாங்கி அனுப்பி, வீடியோவில் இருந்து எல்லாவற்றையும் திறந்து கொடுத்த லெனாட், கணக்குக்குத் தன் நம்பரையே கொடுத்திருந்தார்.

வெள்ளி, மூன்று இருபது. அங்கே விடியப்போகும் நேரம். லெனாட் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"வந்திருக்கு. ஆறு நம்பர். வாசிக்கட்டோ?"

"வாசியுங்கோ அண்ணை, அந்த நம்பர் பத்து நிமிசம்தான் செல்லும்."

"ஏன் பறக்கிறாய்? உன்ரை பேரிலை கிடக்கிற வீட்டு உறுதிப் பத்திரம் என்ன மாதிரி? நாலு வருசமாக் கேக்கிறன். என்ரை பேருக்கு எழுதித் தாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, முழுக்க வாசிக்கிறன்."

"பிறகு நான் எங்கை போய் இருக்கிறது?"

"நீ அரசாங்க ரீச்சர் ஆகப்போறாய். அவங்கள் குவாட்டேர்ஸ் தருவாங்கள்." சிரித்தார். "இந்தா, முதலாவது நம்பர் ஏழு. நான் நல்ல மனுசன், கண்டியோ? மிச்சம் ஐஞ்சும் நீ ஓம் எண்ட பிறகு."

ரீச்சர் முதல் கட்டத்தில் ஏழு என்று அடித்தார். மற்ற ஐந்து கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. அண்ணன் கோப்பி உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அடடா, நேரம் முடிஞ்சுது போலை," என்றார் லெனாட். "இன்னொண்டு அனுப்பு, நான் நிக்கிறன்."

ரீச்சர் போனை வைத்துவிட்டார். நாலு மணிக்குக் கணக்குச் செத்தது.

அன்று பின்னேரம், அந்தக் காலத்துப் பத்தாம் வகுப்பின் வட்ஸ்அப் குறூப்பில் எழுதிக் கேட்டார்: 'பிள்ளைகள், எனது சூம் வகுப்புகளின் பதிவு ஏதாவது யாரிடமாவது இருக்கிறதா?' இருபத்தாறு பேர் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை நிரோஜா போன் எடுத்தாள். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவள், வாய்க்காரி. இப்போது கம்பஸில் படிக்கிறாள்.

"ரீச்சர், முதல் ஏசமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"ஏசமாட்டன்."

"எங்களிட்டை வேறை குறூப் ஒண்டும் இருந்தது. நீங்கள் இல்லாதது. ஒவ்வொரு வகுப்பிலையும் உங்களை ஸ்கிரீன்சொட் அடிச்சுப் போடுறது. ஆரின்ரை படம் ஆகக் கேவலமோ, அவைக்கு வெற்றி."

இருநூற்றுப் பதினொரு படங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் திகதி, நேரம். ஒவ்வொன்றிலும் குடைக்குக் கீழே ரீச்சர், வாயை ஆவென்று திறந்தபடி. கீழே பிள்ளைகளின் கைவண்ணம்: 'கன்று போடப்போற மாடு.' 'பல்லு டொக்டரிட்டை முதல் நாள்.' 'வாயாலை இலையான் பிடிக்கும் போட்டி, யாழ் மாவட்டம்.'

ரீச்சர் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். மத்தியானமாகிவிட்டது. பிறகு அவளுக்கு எடுத்தார்.

"ஏன் பிள்ளை எல்லாத்திலையும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு இருக்கிறன்?"

"தொடங்கேக்கை நீங்கள் 'பிள்ளையள், நான் கதைக்கிறது கேக்குதோ?' எண்டு கேப்பியள். நாங்கள் ஒருத்தரும் பதில் சொல்லாமல் இருப்பம். நீங்கள் திருப்பித் திருப்பிக் கேப்பியள். அப்பதான் அடிக்கிறது."

"உங்களுக்குக் கேட்டதோ?"

"ஓம் ரீச்சர். வடிவாக் கேட்டது."

ரீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஏசவில்லை. "செப்ரெம்பர் நாலாந் திகதிப் படம் மங்கலா இருக்கு," என்றார். "வேறை ஆரும் நல்லதா அடிச்சிருந்தால் வாங்கி அனுப்பு."

திங்கட்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ரீச்சர் போனை நீட்டினார். முதலாமவர் உதட்டைக் கடித்தார். இரண்டாமவர் கண்ணாடியைத் தேடிப் போட்டார். தலைவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, "கன்று போடப்போற மாடு" என்று உரக்க வாசித்தார். அதன்பிறகு மூன்று பேரும் அடக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த மனுசியும் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். கைப்பையை மடியில் அணைத்தபடி ரீச்சர் இருந்தார்.

"நாளொண்டும் விடுபடேல்லை," தலைவர் கண்ணைத் துடைத்தார். "சனிக்கிழமையும் இருக்கு?"

"மீட்டல் வகுப்பு, சேர்."

"அதுசரி, வாயைத் திறந்து இவ்வளவு நாளும் என்ன சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்?"

ரீச்சர் போனில் திறந்து கிடந்த அந்த வாயைப் பார்த்தார்.

"பாடம், சேர்," என்றார். "பிள்ளையள் நல்லாக் கேட்டுக்கொண்டிருந்தவை."

தலைவர் 'இடைவெளியற்ற சேவை' என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தார். ரீச்சர் எழும்ப, தலைவர் கையை நீட்டி மறித்தார்.

"அந்த மாட்டை மட்டும் எனக்கு ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. வீட்டிலை காட்டவேணும்."

"நம்பரைச் சொல்லுங்கோ, சேர்," என்றார் லவீனா ரீச்சர்.