பலகைமேல் நின்று பிடித்த காற்று

நெல் வயலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வாயு கிளம்பி உலகத்தைச் சூடாக்குகிறது என்று அவர்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காரும் கம்பெனியும் வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு என் முக்கால் ஏக்கர்தான் கண்ணில் பட்டதா என்று கேட்டேவிட்டேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த பஸ் கூட்டத்தில் நசுங்கி, செங்கம் ரோட்டில் வாடகைக்கு எடுத்த அறையிலிருந்து எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு வந்து இறங்கியிருந்த ஜெர்மன் ஆராய்ச்சிக்கார அம்மா, கூட வந்த சென்னைப் பேராசிரியர் அதை மொழிபெயர்த்ததும், நியாயமான கேள்வி என்றார். அதற்காகவே ஆராய்ச்சிக்கு வயலைக் கொடுத்தேன்.

வேலை இதுதான். தண்ணீர் தேங்கி நின்றால்தான் அந்த வாயு சேற்றில் உண்டாகுமாம், அதனால் எப்போதும் கட்டி வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் நட்டிருந்தார்கள். அதற்குள் தண்ணீர் தரைக்குக் கீழே ஒரு சாண் இறங்கும்வரை மோட்டார் போடக் கூடாது. வாரம் ஒரு காலை நான் பயிரின்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை சிரிஞ்சால் உறிஞ்சிச் சின்னக் குப்பிகளில் ஏற்றுவேன். குப்பிகள் ஜெர்மனிக்குப் போகும். சேற்றில் கால் வைத்தால் குமிழி கிளம்பிவிடுமாம், அதனால் பலகைமேல்தான் நிற்க வேண்டும். நடை பழகிய நாளிலிருந்து மிதித்த சேற்றுக்கு நான் மரியாதை கொடுத்தது அப்போதுதான். வியட்நாமிலும் பிலிப்பைன்ஸிலும் இதே பெட்டியோடு இப்படியே பலகையில் நிற்கிறார்கள் என்று பேராசிரியர் சொன்னார். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பயிர் தூர் கட்டும் நேரத்தில் வெயில் கொளுத்தியது. தரையில் முடி மாதிரி வெடிப்பு. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, யாரோ வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பயிரைக் கொல்லப் போகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். குழாயில் தண்ணீர் இன்னும் ஒரு சாண்கூட இறங்கவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, மோட்டாரைப் போட்டேன். பத்து நாளில் மூன்று முறை. அவர்களுக்கு அனுப்பும் வயல் நோட்டில் மட்டும் ‘வயல் காய்கிறது’ என்றே எழுதினேன். யாருக்குத் தெரியப்போகிறது, குப்பியில் இருப்பது வெறும் காற்றுதானே.

அடுத்த மாதம் வீடியோவில் கூட்டம். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். திரையில் என் வயலின் வாயுவை ஒரு கோடாக வரைந்து காட்டினார்கள். முதலில் உயரம். காயவிட்டதும் இறக்கம். பிறகு நான் மோட்டார் போட்ட நாள்களிலிருந்து மளமளவென்று ஏற்றம். நான் ஒருவரிடமும் சொல்லாததை, கடல் தாண்டிப் போன ஒரு துளிக் காற்று அப்படியே சொல்லியிருந்தது.

அந்த அம்மா என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் நோட்டை நம்பி, இந்த மண் காய்ந்தாலும் வாயு விடுகிறது, இங்கே இந்த முறை பலிக்காது போலிருக்கிறது, மற்ற நாட்டுக்காரர்களுக்கும் இதை எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் ஒரு வரிப் பொய்யை உலகமே படிக்கப் போகிறது. உண்மையைச் சொன்னால் என் வயலை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பலகையில் நிற்கும் காலைகள் அத்தோடு போச்சு.

“அது காயலங்க,” என்றேன். “பயிர் செத்துடும்னு பயந்து நான்தான் தண்ணி விட்டேன். மண்ணு மேல தப்பு இல்ல.”

பேராசிரியர் மொழிபெயர்த்தார். பிறகு அந்த அம்மா ஏதோ கேட்டார்.

“எந்தெந்த நாள்னு கேக்கறாங்கம்மா,” என்றார் பேராசிரியர் என்னிடம்.

சொன்னேன். அந்த அம்மா திரையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வைத்தார். மூன்றும் கோடு ஏறும் இடத்திலேயே போய் விழுந்தன. அவர் திரைக்கு அருகே குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். வயலை எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, அடுத்த வாரக் குப்பிகள் எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். என் வயல் சேறு வரைந்த கோட்டில் ஒரு இடத்தையும் அவர்கள் திருத்தவில்லை. நோட்டில் நான் எழுதிய வரியைத்தான் அடித்துவிடச் சொன்னார்கள்.