தங்கராசு சார் காட்டிய காலிஃபிளவர்

தங்கராசு சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது வண்டூரில் பயிர் செய்யும் செல்விதான். ஷாதிபூர் வீட்டில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "மேடம், நம்ம சார் போயிட்டாரு. மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சிடுச்சாம்" என்று போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவர் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். பதினெட்டு வருஷம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான்.

புது ரகங்களையும் முறைகளையும் எங்கள் தீவு விவசாயிகளிடம் கொண்டுசேர்ப்பதுதான் வேளாண் துறையில் எங்கள் இருவருக்கும் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டூரில் கடல்நீர் ஏறிய தாழ்நிலத்தை எல்லோரும் கைவிட்டபோது, இவர் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இருக்கு, உயிரும் இருக்கு" என்றார். மேட்டுப் பாத்தி போட்டு நடுவே வாய்க்கால் வெட்ட வைத்தார். மழை உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பிறகு அங்கே வெண்டை காய்த்தது. அதை நான் மறுக்கவில்லை.

"நம்ம பேச்ச எவனும் நம்ப மாட்டான். கண்ணுல காட்டணும்" என்பார். அப்படித்தான் அந்த விவசாயக் கண்காட்சியில் மேசை நிறைய காலிஃபிளவரை அடுக்கி, 'வண்டூர் செயல்விளக்கத் திடலில் விளைந்தது' என்று அட்டை வைத்தார். இளசுகள் எல்லாம் வயலை விட்டுவிட்டு ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். செல்விக்கும் அங்கே வேலை உறுதியாகியிருந்தது. பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சச் போலோ மேடம், உண்மையச் சொல்லுங்க, இது நெசமாவே நம்ம மண்ணுல வந்த கோபியா?" என்று கேட்டாள். காலிஃபிளவருக்கு எங்கள் பக்கம் கோபி என்றுதான் பேர். "நெசம்தான்டி" என்றேன். அவள் அந்த வேலைக்குப் போகவில்லை.

அவள் நட்ட செடிகள் முழங்கால் உயரம் இலை விட்டன, பூ கட்டவே இல்லை. சார் வந்து பார்த்து, "தண்ணிய ஜாஸ்தி விட்டுட்ட. சொன்னபடி செஞ்சாத்தானே?" என்றார். அவள் தலைகுனிந்து நின்றாள். நானும் என் பங்குக்குத் திட்டினேன்.

சில மாதம் கழித்து, சந்தையில் காய்கறிக்காரர் பேச்சுவாக்கில் போட்டு உடைத்தார். "அந்தக் கண்காட்சி மேளாக்கு சார் நம்மகிட்டதான் கோபி எடுத்தாரு. மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வந்த சரக்குல, இலையோட இருக்கறதா பாத்துப் பொறுக்கினாரு." அடப்பாவி மனுஷா!

நேரே போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "ஆமா, திடல்ல பூ வரல. வெறும் இலையக் காட்டியிருந்தா ஒருத்தராவது ஊர்ல தங்குவாங்களா?"

"சரி, பொய்தான் சொன்னீங்க. பழிய ஏன் சார் அவ மேல போட்டீங்க?"

பைலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவ இன்னும் வயல்லதானே இருக்கா" என்றார்.

என் வாயாலேயே அந்தப் பொய்யைச் சொல்ல வைத்த மனிதர் அவர். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் பேர் கெட்டால் அவர் சொன்ன நல்லதையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் இரங்கல் கூட்டத்தில் செல்வி எழுந்து பேசினாள். "வருஷா வருஷம் ஒரு பாத்தி கோபி போடறேன். தண்ணி அளவுதான் எனக்குப் பிடிபடல. சார் இருக்கும்போதே ஒரு பூ காட்டியிருக்கணும், என் தப்பு" என்று தேம்பினாள். பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். நான் அப்போதும் உட்கார்ந்தே இருந்தேன்.

தங்கராசு சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாய்மூடித்தனம்தான். அதை இதற்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. செல்வி, நீ தண்ணீரைச் சரியாகத்தான் விட்டாய். அந்தப் பூ கப்பலில் வந்தது. விஷயம் தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்லாமல் இருந்தவள் நான்.