சுஷ்மிதாவுக்குச் சரியாகிவிட்டது என்று எழுதியவர்கள்

“கொழந்த ஒரு பூவ நீட்டிச்சின்னு எல்லாம் சரியாப்பூட்ச்சின்னு எழுதிட்டியே, அப்ப பூக்கடையில குந்திக்கினு கீற பொம்பளைங்கல்லாம் இன்னா பெரிய டாக்டருங்களா?”

திருப்பதியில் ஓர் அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் பொன்னியம்மா இப்படிக் கேட்டபோது, ஹரிபாபு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். அவள் பிச்சாட்டூரில் மீன் விற்பவள். விடியலில் ஏரியில் வலை ஏறியதும் கெண்டையும் ஜிலேபி மீனும் வாங்கி, அருவாமனையில் அறுத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். வாடை வராமல் என்ன வரும்? கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னார்.

“ஏம்மா, சத்தம் போடாதே. கமிட்டி பாத்து எழுதினது. நான் ஒண்ணும் சேயலேனு.”

தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை அந்த மனிதர் தமிழில் பாதி, தெலுங்கில் பாதி சொல்லுவார். இரண்டு மொழியிலும் அவர் சரளமாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அவருக்கு ஒருங்கிணைப்பு அதிகாரி என்று பெயர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக மருத்துவத் துறை ஒன்று செய்கிறதாம், பள்ளிக்கூடத் துறை ஒன்று செய்கிறதாம், பென்ஷன் கொடுக்கிறவர்கள் ஒன்று செய்கிறார்களாம். அதையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டுவது அவர் வேலை. கயிறு மட்டும் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது.

பொன்னியம்மாவின் மகள் சுஷ்மிதாவுக்குப் பதினொரு வயது. பேச்சு கிடையாது, யாராவது திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லும். மூன்று வயதிலேயே ஆயா ஒருத்தி வேப்பிலை அடித்தாள், ஒருவன் தாயத்துக் கட்டினான், புத்தூரில் ஒரு டாக்டர் ‘வளர்ந்தா சரியாப்பூடும்’ என்று சொல்லி இருநூறு வாங்கினார். சித்தூரில் முகாமில் உட்காரவைத்து எழுபத்தைந்து சதவீதம் குறைபாடு என்று சர்டிபிகேட் கொடுத்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் உண்டு என்று பொன்னியம்மாவுக்குத் தெரிந்தது. புருஷன் ஜெகநாதன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் காவல் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவான், சாப்பிடுவான், பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான், போய்விடுவான். பெருமூச்சை வைத்துக் குழம்பா வைக்க முடியும்?

பிறகு மாவட்டத்தை அறுத்தார்கள். பிச்சாட்டூர் திருப்பதியோடு போயிற்று. பொன்னியம்மா மீனை அறுத்தால் தலை எங்கே, வால் எங்கே என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் அறுத்ததில் சுஷ்மிதாவின் ஃபைல் சித்தூரிலும் சுஷ்மிதா திருப்பதியிலும் கிடந்தார்கள். நாலு தடவை சித்தூருக்குப் போனாள். ‘நீங்க இப்ப திருப்பதிம்மா’ என்றார்கள். திருப்பதிக்கு வந்தாள். ‘பேப்பர் சித்தூர்லதான் இருக்கும்’ என்றார்கள். ஐந்தாவது தடவை சித்தூரில் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீன்கூடையோடு. அரைமணி நேரத்தில் ஃபைல் கிடைத்தது.

அதைக் கொண்டுவந்து கொடுத்துத்தான் திருப்பதியில் அரசுப் பணத்தில் நடக்கிற ‘புன்னகை மைய’த்தில் மகளுக்கு இடம் வாங்கினாள். செவ்வாய், வெள்ளி, வாரத்துக்கு இரண்டு நாள். அங்கே ஸ்ரீவல்லி என்று ஒரு பெண். மாடவீதிப் பக்கம் கோயில் கைங்கரியக் குடும்பம், பூப்போலப் பேசுவாள். அந்தக் கட்டடம் முழுவதிலும் வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டு வருஷத்தில் சுஷ்மிதா தானே தட்டில் சாப்பிடவும், தானே பாத்ரூம் போகவும் கற்றுக்கொண்டது. இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் பதினொரு வயசுப் பெண்ணுக்கு ஒரு வாரம் கால் கழுவிவிட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம்தான் கண்காணிப்புக் குழு வருகிறது என்று மையத்து முதலாளி பவன்குமார் குதிக்க ஆரம்பித்தான். சுவருக்கு வண்ணம் அடித்தான். பிள்ளைகளுக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு வரவேற்பு பழக்கினான். சுஷ்மிதா நாலு அடி நடந்து, ஒரு ரோஜாவை நீட்டி, “நமஸ்காரம் சார்” என்று சொல்ல வேண்டும். பதினைந்து நாள் தினமும் வரச்சொல்லி, ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

“இது வேணாம் சார், தப்பா புரிஞ்சுப்பா” என்று ஸ்ரீவல்லி சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“கவர்மெண்ட் கிராண்ட் வேணுமா, வேணாமா?” என்று அவன் கேட்டிருக்கிறான்.

அன்றைக்குச் சுஷ்மிதா பிசகில்லாமல் செய்தது. திரும்பத் திரும்பச் செய்வதுதானே அதற்குத் தெரியும்? அதிகாரிகள் காருக்குப் போன பிறகு கேட் கம்பிக்கு ஒரு நமஸ்காரம் சார், தண்ணீர் டிரம்முக்கு ஒரு நமஸ்காரம் சார், படுத்திருந்த நாய்க்கு ஒரு நமஸ்காரம் சார் சொன்னது. நாய் மட்டும்தான் அதை எழுதி வைக்கவில்லை. குழு எழுதியது: முழு முன்னேற்றம், சாதாரணப் பள்ளிக்கு அனுப்பலாம், இடத்தை அடுத்த குழந்தைக்குக் கொடுக்கலாம். எதிலும் ஒத்துப்போகாத அத்தனை துறையும் இந்த ஒரு காகிதத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தன.

அந்தக் காகிதத்துக்காகத்தான் பொன்னியம்மா இரண்டாம் மாடியில் கத்திக்கொண்டிருந்தாள்.

“இஸ்கூலுக்குப் போனா அதுக்கு யாருய்யா துன்ன குடுப்பா? நீ வந்து ஊட்டுவியா?”

“புதன்கிழமை கமிட்டி கூடுது. மனு கொண்டா. கொழந்தையும் கூட்டிக்கினு வா, நேர்ல பாப்பாங்க” என்றார் ஹரிபாபு, அவள் போனால் போதும் என்று.

புதன்கிழமை கூடத்தில் ஏசி ஓடியது. நீள மேஜை, நடுவில் பூச்செண்டு, ஆளுக்கு ஒரு தட்டில் சமோசா. சுவரில் படம் காட்டி ஒருவர் எத்தனை பேருக்குச் சேவை போய்ச் சேர்ந்தது என்று சொன்னார். சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தவர் எழுந்தார், அதே எண்ணை வேறு கலரில் காட்டினார். அவருக்கும் தட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இப்படி ஒருவருக்கொருவர் தட்டிக்கொள்ளாது.

சுஷ்மிதாவுக்குக் கைதட்டல் ஆகாது. பிரஷர் குக்கர் விசில் தாங்கும், லாரி ஹாரன் தாங்கும். கைதட்டினால் தலைக்குள்ளே யாரோ ஆணி அடிப்பதுபோல் துடித்துப்போகும். ஊரில் கல்யாணம், பிறந்தநாள் என்று ஒன்றுக்கும் பொன்னியம்மா போனதில்லை. எங்கே போனாலும் இடுப்பில் ஒரு பஞ்சுப் பொட்டலம் இருக்கும். அன்றைக்கும் வாசலிலேயே இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்து, மேலே ஒரு துண்டைச் சுற்றித்தான் மகளை உள்ளே கூட்டி வந்தாள். பெண் மடியில் விரலை மடக்கி நீட்டிக்கொண்டு அமைதியாக இருந்தது.

அவர்கள் முறை வந்தது. குழுத் தலைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“அமைதியாதானே இருக்கு? எவ்வளவு சமத்தா குந்திக்கினு இருக்கு பாருங்க. என்னம்மா பிராப்ளம்?”

“சார், அது காதுல...” என்று பொன்னியம்மா ஆரம்பிப்பதற்குள் சுஷ்மிதா எழுந்துவிட்டது. மேஜையின் மேல் பூச்செண்டைக் கண்டுவிட்டது. நேராகப் போனது, செண்டை எடுத்தது, நாலு அடி நடந்தது, ஹரிபாபுவிடம் நீட்டியது.

“நமஸ்காரம் சார்.”

கூடமே சிரித்தது. “இதைவிட என்ன வேணும்?” என்றார் தலைவர். ஹரிபாபு செண்டை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டினார். மனுவைத் தள்ளுபடி செய்யப் பேனா இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ கையைத் தூக்கினார்கள், தட்டுவதற்கு.

பொன்னியம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. இவர்களிடம் வாயால் எவ்வளவு சொன்னாலும் ஏறாது. பதினோரு வருஷம் எந்தச் சத்தத்திலிருந்து மகளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளோ, அந்தச் சத்தத்தைத்தான் இவர்களுக்குக் காட்ட வேண்டும். மகளின் பின்னால் போய் நின்றாள். துண்டை அவிழ்த்தாள். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினாள்.

தட்டினார்கள்.

அந்த அலறல் கீழே சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாம். சுஷ்மிதா தரையில் விழுந்தது, தலையை மேஜைக் காலில் மோதியது, தன் மணிக்கட்டையே ரத்தம் வரக் கடித்தது. சமோசாத் தட்டு ஒன்று கவிழ்ந்தது. இத்தனை நேரம் சேவையைப் பற்றிப் பேசிய அதிகாரிகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருத்தராவது குனிந்தார்களா? பொன்னியம்மா மகளை மார்போடு கட்டி, தன் உள்ளங்கைகளால் அதன் காதை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“பாத்துட்டீங்களா? இப்ப எழுதுங்கய்யா. இன்னும் ஒருவாட்டி தட்டிப் பாக்கணுமா?”

“ஒத்து, ஒத்து! வேணாம்மா, வேணாம்!” என்றார் ஹரிபாபு.

பத்து நிமிஷத்தில் கையெழுத்தானது. சுஷ்மிதாவின் இடம் திரும்பக் கிடைத்தது. அடுத்த பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை; பொன்னியம்மாதான் கேட்டாள். “அதுக்குத் தனி மனு கொடுக்கணும்” என்றார்கள். வெளியே வரும்போது ஒருவர், “நீயே பஞ்சை எடுத்தியாமே, தாய் பண்ற வேலையா இது?” என்று கேட்டார். அவர் முகத்தில் அவள் துப்பாமல் விட்டதற்குக் காரணம், அவர் கேட்டது அவள் நெஞ்சிலேயே கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

பஸ்ஸில் மகள் அவள் பக்கம் உட்காரவில்லை. அடுத்த நாள் பஞ்சு வைக்கப் போனபோது அவள் கையைத் தட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் அப்படி. அம்மாவின் கை காதுப் பக்கம் வந்தாலே உடம்பு விறைத்துப்போனது. ஊரில் யாருக்கும் பயப்படாத பொன்னியம்மா அந்த இரண்டு நாளும் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மையத்தில் ஸ்ரீவல்லியிடம் சொன்னாள்.

“என் கையப் பாத்தா பயப்படுதும்மா அது.”

“நீங்க வைக்காதேங்கோ மாமி. அவளே மாட்டிண்டு அவளே கழட்டறாப்ல ஒண்ணு இருக்கு. மெஷின் பக்கத்துல வேலை செய்யறவா போட்டுப்பாளே, காதை மூடறது. அதை வாங்கிக் குடுங்கோ.”

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் இருந்தது. மஞ்சள் நிறம். இரண்டு பக்கமும் தேங்காய் ஓடு மாதிரி. கடைக்காரர், “எந்தக் கம்பெனிலம்மா வேலை?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் சுஷ்மிதா அதை எடுத்துத் தன் தலையில் தானே மாட்டிக்கொண்டது. கழற்றியது. திரும்ப மாட்டியது. பிறகு, புதன்கிழமைக்குப் பின் முதல் தடவையாக, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

ஒரு கெண்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னாலே திட்டி அனுப்புகிறவள், தான் எது வாங்கினாலும் பாதி விலைக்குக் கேட்கிறவள், வாயே திறக்காமல் கடைக்காரர் சொன்னதை எண்ணி வைத்தாள். ஐந்நூற்று எண்பது ரூபாய்.