பட்டு மண்மூட்டைகள்

ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது நான் ஹிரோஷிமாவைக் கட்டினேன். ஷார்ஜா முவைலாவில் நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட ஒரு வில்லாவில், அம்மா, மாமா, நான் மூவருக்குமென்று இருந்த ஒற்றை அறையின் தரையில் அந்த நகரம் எழுந்தது. தெர்மோகோல் பலகையில் நீலச் சாயத்தால் ஓர் ஆறு. இரு கரையிலும் தீப்பெட்டி வீடுகள். நடுவில் கம்பியைச் சுற்றிப் பஞ்சு ஒட்டிய, காளான் வடிவப் புகை.

பள்ளிக் கண்காட்சியில் வாசலருகே ஒரு பெரிய மேசை இருக்கும். வகுப்பிலேயே சிறந்த மாதிரியைச் செய்தவர் அங்கே நின்று விருந்தினருக்கு ஆங்கிலத்தில் விளக்கலாம். மாதிரியில் உள்ள எதைத் தொட்டுக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்பது ஆசிரியையின் நிபந்தனை. அந்த மேசைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா இலங்கையின் வன்னியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார், அதுவும் இடம்பெயர்ந்து போய் நின்ற ஊர்களின் மரநிழலில். அம்மாவின் தம்பியான மாமாவின் படிப்பைச் சண்டை எட்டாம் வகுப்பில் நிறுத்திவிட்டது. அதனால் நான் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் அறையில் எல்லா வேலையும் நின்றுவிடும். பொருள் விளங்க வேண்டியதில்லை, திக்காமல் தடக்காமல் போனால் போதும், அவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

மாமா சைட்டில் எலெக்ட்ரீஷியன். போனில் பேசினால் பக்கத்து அறைப் பாகிஸ்தான்காரர் சுவரில் தட்டி, “பாய், ஆஹிஸ்தா!” என்று மெதுவாகப் பேசச் சொல்வார். அவ்வளவு சத்தம். மாமாவுக்கு இடது காது மந்தம். எனக்கு வலது காது. தெருவில் அம்மா எப்போதும் என் இடப்பக்கமாகவே நடப்பார். சில குடும்பங்களில் எல்லாருக்கும் மூக்கு நீளமாக இருப்பதுபோல எங்கள் குடும்பத்துக் காது இப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் மாமா என் புகைக்குள் சிவப்பு பல்ப் ஒன்றைப் பொருத்தித் தந்தார். சுவிட்சைத் தட்டினால் பஞ்சு முழுவதும் சிவந்து எரியும்.

“மருமோள், நீ குண்டு போடுற ஆளோ, வாங்கிற ஆளோ? அதைச் சொன்னாத்தான் வயரை எந்தப் பக்கம் விடுறதெண்டு எனக்குத் தெரியும்.”

“நான் விளக்கம் சொல்லுற ஆள்” என்றேன் நான்.

“அப்ப நீதான் தப்புவாய்” என்று வில்லாவே அதிரச் சிரித்தார்.

அம்மா அபாயா தைக்கும் கடையில் வேலை பார்த்தார். அன்று அரை நாள் டியூட்டி. வந்ததும் நகரத்தின் முன் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஆக்கள் எங்கை, பிள்ளை?”

“என்ன ஆக்கள்?”

“இவ்வளவு வீடு கட்டியிருக்கிறாய். இருக்கிற சனம் எங்கை?”

விமானம் பறந்த உயரமும் குண்டின் எடையும் எனக்கு மனப்பாடம். சனத்தை நான் யோசிக்கவில்லை.

அம்மா எழுந்து போய்க் காய் வெட்டும் கத்தியை எடுத்துவந்தார். ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் தெர்மோகோலைக் குடைந்து ‘ட’ வடிவத்தில் குழி வெட்டத் தொடங்கினார். எதையும் அளக்கவில்லை. ஆனாலும் எல்லாக் குழிகளும் ஒரே அளவில் வந்தன. அந்தக் கை வேகத்தை நான் வாய் பிளந்து பார்த்தேன்.

“என்னம்மா இது?”

“பங்கர்.”

“அம்மா, இது அணுகுண்டு. பங்கருக்குள்ள இருந்தாலும் ஆக்கள் சாவினம். புத்தகத்தில இருக்கு.”

“அது குண்டைச் செய்தவனுக்குத் தெரியும். சனத்துக்கு என்னெண்டு தெரியும்? பிளேன் சத்தம் கேட்டா சனம் வெட்டத்தான் செய்யும்.”

பிறகு ஊசியை எடுத்தார். தன் கூறைச் சீலையோடு வந்து தைக்காமலே கிடந்த பட்டு ரவிக்கைத் துண்டைக் கத்தரித்து, விரல் நகம் அளவில் பைகள் தைத்து, மண் நிரப்பிக் குழிகளைச் சுற்றி அடுக்கினார். மண்மூட்டை சாக்கில்தானே இருக்கும் என்று கேட்டேன்.

“சாக்கு முடிஞ்சா சீலைதான்” என்றார்.

ஆற்றங்கரையோரப் பங்கருக்குள் மூன்று துணிப் பொம்மைகளை வைத்தார். நடுவில் ஒரு பெண், ஒருபுறம் ஒரு பையன், மடியில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை. என் பஞ்சுச் சுருளிலிருந்து கடுகளவு கிள்ளி, அதையும் இரண்டாகப் பிய்த்து, பையனின் ஒரு காதிலும் பிள்ளையின் ஒரு காதிலும் ஒட்டினார்.

“மற்றக் காதுக்கு?”

“அவ்வளவுதான் இருந்தது.”

பஞ்சுச் சுருள் அவர் காலடியிலேயே கிடந்தது. கடைத் துணியில் மிச்சம் பிடித்துப் பழகியவர், இதிலும் பிடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பாடப் புத்தகத்து ஹிரோஷிமாவில் இதெல்லாம் இல்லை. கேட்டால் என்ன சொல்வது? மேசை கைவிட்டுப் போய்விடும்.

“எனக்கு இது வேண்டாம். டீச்சர் கேப்பா” என்று பொம்மைகளைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

“வேண்டாமெண்டா எடுத்துப் போடு” என்றார் அம்மா.

“கை வைக்காதை” என்றார் மாமா.

மாமா மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். வயரை உருட்டியபடி பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பகிடி எதுவும் விடவில்லை. அந்த மெல்லிய குரலுக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

கண்காட்சிக்குத் தேர்வு செய்ய வேறு பள்ளியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அம்மாவும் கடையில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி வந்து பின்னால் நின்றார். நான் சுவிட்சைத் தட்டினேன். புகை சிவந்தது. அந்த அம்மையார் புகையைப் பார்க்கவில்லை. குனிந்து பங்கர்களைப் பார்த்தார். மண்மூட்டைகள் ஏன் பட்டில் இருக்கின்றன என்று கேட்டார்.

“ஜப்பானில் பட்டு நிறையக் கிடைக்கும்” என்றேன் ஆங்கிலத்தில், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

“காதில் பஞ்சு?”

“அங்கே குளிர் அதிகம்.”

அவர் சிரித்துவிட்டு, இதுவரை பார்த்த மாதிரிகளில் மனிதர்கள் இருக்கும் மாதிரி இது ஒன்றுதான் என்றார். மேசை எனக்குக் கிடைத்தது.

வீடு திரும்பும்போது அம்மா என் இடப்பக்கமாக நடந்தார். “நல்லாச் சொன்னனி. ஒரு இடத்திலும் தடக்கேல்லை” என்றார். என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை.

இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். போன வருடம் என் காதைப் பார்த்த டாக்டர், இது பிறவியிலேயே இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “இல்லை. மூண்டு வயசில, பங்கருக்குள்ள. ஷெல் பக்கத்தில விழுந்தது” என்றார் அம்மா, தையல் அளவு சொல்வதுபோல. அந்தக் குழியை வெட்டியவர் அவர்தான். அதைச் சுற்றி அடுக்கிய மண்மூட்டைகள் அவருடைய கூறைச் சீலையில் தைத்தவை. அவர் தன் காதுக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வகுப்பில், கண்காட்சி முடிந்து என் ஹிரோஷிமா எங்கள் அறைக்குத் திரும்பி வந்த அன்று, எனக்கு அந்தப் பொம்மைகள் கண்ணை உறுத்தின. ஒரு காதில் மட்டும் பஞ்சு என்பது அரைகுறை வேலை. சுருளில் இருந்து தாராளமாகக் கிள்ளியெடுத்து, பையனின் இடது காதிலும் பிள்ளையின் வலது காதிலும் அழுத்தி ஒட்டினேன். மிச்சமிருந்ததில் நடுவில் இருந்த பெண்ணுக்கும் இரண்டு காதிலும் வைத்தேன்.

அம்மா கையிலிருந்த துணியை மடியில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சரியோ?” என்றேன்.

“இப்ப சரி” என்றார்.

அவர் செய்த பிழை ஒன்றைத் திருத்திவிட்டேன் என்ற பெருமையோடு நான் பசையை மூடி வைத்தேன்.